காகங்கள் செத்து விழுந்த கோடை

அன்புள்ள ஐயா,

கால்நடை மருத்துவம் முடித்த என் மகள், விலங்குகளின் தொற்றுநோய்களை ஆராயப் போகிறேன் என்கிறாள். மனிதர்களுக்கே இத்தனை நோய்கள் இருக்கும்போது மாட்டையும் வௌவாலையும் ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கும் உள்ளூர அதே கேள்விதான். அவளைத் தடுக்க மனமில்லை. முழு மனதோடு சரி சொல்லவும் முடியவில்லை.

க.

அன்புள்ள க.,

1999 கோடையில் நியூயார்க்கில் முதியவர்கள் சிலர் மூளையழற்சியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். கொசுவால் பரவும் செயின்ட் லூயிஸ் மூளையழற்சி என்று அறிவிக்கப்பட்டது. அதே வாரங்களில் நகரில் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. மனிதர்களைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், பறவைகளைப் பார்த்தவர்கள் மறுபக்கம்.

பிராங்க்ஸ் விலங்கியல் பூங்காவில் டிரேசி மெக்னமாரா என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தவர், மூளையில் இரத்தக்கசிவைக் கண்டார். செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளின் உடலில் தங்கும். பொதுவாக அவற்றைக் கொல்லாது. அப்படியானால் இது வேறு நோய். அவர் விடவில்லை. கடைசியில் அது, அதுவரை அமெரிக்கக் கண்டங்களில் காணப்படாத வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெரிந்தது. அதன்பின் செத்த காகங்களை எண்ணுவதே அந்த நோய் எங்கே வருகிறது என்று அறியும் வழியாயிற்று.

மலேசியாவில் அதற்குச் சில மாதங்கள் முன்புதான், பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளையழற்சியால் இறந்துகொண்டிருந்தார்கள். ஜப்பானிய மூளையழற்சி என்றெண்ணித் தடுப்பூசி போட்டார்கள், கொசு மருந்து அடித்தார்கள். பண்ணைகளில் பன்றிகளோ ஓயாமல் இருமிக்கொண்டிருந்தன. அது நிபா என்ற புதிய வைரஸ் என்பது 1999 மார்ச்சில்தான் தெரியவந்தது. 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுமார் 10 இலட்சம் பன்றிகளைக் கொல்ல நேர்ந்தது. உங்கள் உறவினர்கள் கேட்ட வௌவாலுக்கு வருகிறேன்: நிபா பன்றிகளுக்கு வந்தது பழந்தின்னி வௌவால்களிடமிருந்து. அந்த இருமலை யாராவது முன்பே கூர்ந்து கேட்டிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

மாட்டு ஆராய்ச்சியால் மனிதனுக்கு என்ன பயன் என்பதற்கும் ஒரு பழைய பதில் இருக்கிறது. அமெரிக்காவில் மாடுகளைக் கொன்ற டெக்சாஸ் காய்ச்சலுக்கு உண்ணிதான் காரணம் என்று மாடு வளர்ப்பவர்கள் சொல்லிவந்தார்கள். கற்றவர்கள் பலர் அதைக் காதில் வாங்கவில்லை. தியோபால்ட் ஸ்மித் என்ற மருத்துவரும் கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவரும் வாங்கினார்கள். உண்ணிகளைக் கையால் பிடுங்கியெடுத்த மாடுகளை ஒரு வயலிலும், உண்ணியோடு இருந்தவற்றை இன்னொன்றிலும் விட்டு, இரண்டிலும் நோயற்ற மாடுகளைச் சேர்த்தார்கள். உண்ணி இருந்த வயலில்தான் நோய் கண்டது. 1893இல் முடிவை வெளியிட்டார்கள். கடித்து இரத்தம் குடிக்கும் சிற்றுயிர் நோயைப் பரப்பும் என்று அப்படித்தான் ஐயமற நிறுவப்பட்டது. நான்கே ஆண்டுகளில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அது கொசுவுக்குள் வளர்ந்து அடுத்த உயிருக்குப் போகும் பாதை முழுவதையும் 1898இல் அவர் கண்டறிந்தது பறவைகளின் மலேரியாவைக் கொண்டு.

ஆகவே உங்கள் மகள் மனிதர்களை விட்டு விலகிப் போகவில்லை. நோய் நம்மிடம் வந்துசேரும் வழியில் நமக்கு முன்னே போய் நிற்கப்போகிறாள். முழு மனதோடு அனுப்புங்கள். கவலைப்படத்தான் வேண்டுமென்றால், வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டாளா, கையுறையும் முகக்கவசமும் ஒழுங்காகக் கிடைக்கும் இடமா என்று அவளிடம் கேளுங்கள்.