வான் வண்டியில் ஓடும் பாட்டுக்கும் அனுமதி வேண்டுமா?

கேள்வி: நண்பர்கள் நால்வரின் பொப்-பங்க் இசைக்குழு ஜப்பானுக்குப் போகிறது. டோக்கியோ, நாகோயா, ஒசாகா என்று 5 ஷோ. கூடவே போய் ஒரு மணித்தியால ஆவணப்படம் எடுக்கிறேன். மேடையில் 9 சொந்தப் பாட்டு, அமெரிக்க இசைக்குழுக்களின் பாட்டு 2. பயணம் செய்யும் வான் வண்டியில் எந்நேரமும் யாராவது ஒருவரின் போனில் பாட்டு ஓடும். படத்தைத் திரைப்பட விழாக்களுக்கு அனுப்ப நினைக்கிறேன். 'எல்லா மியூசிக் ரைட்ஸையும் ஒரே தொகைக்கு எடுத்துத் தருகிறேன்' என்று இங்கே ஒருவர் 2 இலட்சம் ரூபா கேட்கிறார், பாதி முன்பணம். கொடுக்கலாமா? - வாசகர், வெள்ளவத்தை

பதில்: கொடுக்காதீர்கள். 'எல்லா ரைட்ஸும்' என்று மொத்தமாக விற்கிற கடை உலகத்தில் எங்கும் இல்லை.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. சொல்லும் மெட்டும் ஒன்று. அது எழுதியவர்களுக்கும் அவர்களுடைய பப்ளிஷருக்கும் (பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் நிறுவனம்) உரியது. ஸ்டூடியோவில் பதிந்த ஒலி மற்றது. அது பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்தின் கையில். உங்கள் நண்பர்கள் மேடையில் வாசிக்கும் கவர் பாட்டை, அதாவது மற்றவர்களின் பாட்டை, நீங்களே பதிகிறீர்கள், ஆகவே முதலாவதுக்கு மட்டும் அனுமதி எடுத்தால் போதும். பாட்டைக் காட்சியோடு சேர்ப்பதற்கான அதைச் சிங்க் அனுமதி என்பார்கள். வானில் போனில் ஓடுவது அசல் ஒலிப்பதிவு. அதற்கு இரண்டும் வேண்டும். ஹோட்டல் அறையில் கிட்டார் இல்லாமல் இரண்டு வரி பாடினாலும் சொல்லும் மெட்டும் அதே சொல்லும் மெட்டும்தான்.

பொப்-பங்க் பாட்டு மூன்று நிமிடம் ஓடும். எழுதியவர்கள் என்று நான்கு பெயர் இருக்கும், ஒவ்வொருவருக்கும் வேறு பப்ளிஷர். 100 வீதமும் கூடினால்தான் அனுமதி. 10 வீதக்காரர் ஒருவர் மறுத்தால் மற்ற 90 வீதத்தின் கையெழுத்தும் வீண். யார் யாருக்குப் பங்கு என்பதை, அமெரிக்க இசை உரிமைச் சங்கங்களான அஸ்காப், பிஎம்ஐ இரண்டும் சேர்ந்து தொடங்கிய சோங்வியூ தேடுதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பாட்டின் பெயரைக் கொடுத்தால் எழுதியவர், பப்ளிஷர் பெயர்கள் வரும். உங்கள் ஆள் 2 இலட்சத்துக்குச் செய்யப்போகிற முதல் வேலையும் இதுதான், அவ்வளவு தூரம் போனால்.

அவரைச் சோதிக்க வழி இருக்கிறது. எந்தப் பப்ளிஷர், எத்தனை வீதம், எந்த நாடுகள், எத்தனை வருடம், விழாவுக்கு மட்டுமா இணையத்துக்குமா என்று கேளுங்கள். ஒழுங்கான முகவர் தன் கூலியை வேறாகவும் பப்ளிஷருக்கான தொகையை வேறாகவும் எழுதித் தருவார். ஒப்பந்தம் உங்களுக்கும் பப்ளிஷருக்கும் இடையில் இருக்கும். இவர் தன்னுடைய லெட்டர்ஹெட்டில் 'உலகளாவிய உரிமை' என்று அடித்து, சீல் குத்தித் தருவார் என்றால் அந்தத் தாளை வடை சுற்றத்தான் கொடுக்கலாம். 'கொப்பிரைட் பதிவுச் சான்றிதழ்' எடுத்துத் தருவதாகச் சொன்னால் உடனே எழும்பி வாருங்கள். இலங்கையின் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வர்த்தகக் குறி, ஆக்கவுரிமை, கைத்தொழில் வடிவமைப்பு ஆகியவற்றைப் பதிகிறது. பதிப்புரிமையைப் பதிவதே இல்லை. படைத்த கணத்திலேயே அது தானாக வந்துவிடுகிறது.

இன்னும் மூன்று நம்பிக்கைகளை கொழும்பிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 'ஷோ நடக்கும் இடம் ஜாஸ்ராக்குக்கு (ஜப்பானிய இசை உரிமைச் சங்கம்) காசு கட்டுகிறது': அது பாட்டை அங்கே வாசிப்பதற்கு, படத்தில் சேர்ப்பதற்கு அல்ல. 'பாட்டை இணையத்தில் ஏற்றும் நிறுவனம் சில டொலருக்குக் கவர் அனுமதி தருகிறது': அது ஒலிக்கு மட்டும்; காட்சியோடு சேர்த்தால் செல்லாது. 'எட்டு செக்கனுக்குள் என்றால் பிரச்சினை இல்லை': எட்டு செக்கன் என்று ஒரு பொது விதி சட்டத்தில் இல்லை.

அனுமதி கேட்கும் மின்னஞ்சலில் படத்தின் நீளம், பாட்டு எத்தனை செக்கன், மேடையில் வாசிப்பது தெரிகிறதா பின்னணியில் மட்டுமா, எந்த நாடுகள், எத்தனை வருடம், உங்கள் பட்ஜெட் என்ன என்று எல்லாம் இருக்கட்டும். விழா விலையைக் கேட்கும்போதே, பிறகு ஏதாவது ஸ்ட்ரீமிங் தளம் வாங்கினால் என்ன விலை என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். படம் விலைபோன பிறகு கேட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை. ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் மற்றவர்களுக்கும் அதே வீதத்தில் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையும் வரும், கவனமாக வாசியுங்கள். பதில் வர வாரக்கணக்காகும். கொழும்பிலிருந்து எழுதினால் மும்பைக்கு எழுது என்பார்கள், மும்பை லண்டனுக்கு எழுது என்னும். ஒரு 40 செக்கன் பாட்டுக்கு மூன்று கண்டம் சுற்றவைக்கும் இந்த ஒழுங்கைத்தான் தரகர்கள் தின்று கொழுக்கிறார்கள்.

இனி வான். தற்செயலாகப் பதிவான பாட்டுக்கு விலக்கு உண்டு. அதை எல்லோரும் அளவுக்கு மேல் இழுக்கிறார்கள். ஜப்பானிய சட்டத்தில் 30-2ஆம் பிரிவு, பிரித்தானிய சட்டத்தில் 31ஆம் பிரிவு. உங்கள் நண்பர்கள் கிட்டார் பெட்டிகளோடு டோக்கியோவின் ஷிபுயா சந்தியைக் கடக்கிறார்கள், மேலே ஒரு ராட்சதத் திரையில் விளம்பரப் பாட்டு ஆறு செக்கன் கேட்கிறது: அது தற்செயல். பாட்டு நன்றாக இருக்கிறது என்று கெமராவைத் திரைக்குத் திருப்பினால் தற்செயல் போய்விட்டது. வரிகளுக்குச் சப்டைட்டில் போட்டாலும், அந்த ஒலியை இழுத்து அடுத்த காட்சிக்கு அடியில் ஓடவிட்டாலும் அப்படியே. வானில் உங்கள் ட்ரம்மர் முன் இருக்கையின் முதுகில் விரலால் தாளம் போட்டு, 'இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் நான் ட்ரம்ஸ் தொட்டேன்' என்று சொன்னால், பாட்டு காட்சியின் பாத்திரமாகிவிட்டது. பிரித்தானிய சட்டம் இசையைத் தனியாகவே எடுத்துச் சொல்கிறது: வேண்டுமென்று சேர்த்த இசை தற்செயல் ஆகாது.

சட்டத்தை விடுங்கள், எடிட்டிங்கை நினையுங்கள். பின்னால் பாட்டு ஓடும்போது எடுத்த உரையாடலை வெட்டினால் பாட்டு துள்ளும். வெட்டாவிட்டால் மூன்று நிமிட அலட்டலை முழுதாக வைக்கவேண்டும். பேச்சு எடுக்கும்போது போனை நிறுத்தச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

சொந்தப் பாட்டு ஒன்பதுக்கும் தாள் வேண்டும். நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமத்தை எழுத்தில் ஒப்பமிட்டுத்தான் கொடுக்கவேண்டும். வட்ஸ்அப்பில் 'ஓகே மச்சான்' போதாது. குழுவை விட்டுப் போன யாராவது ஒரு வரி எழுதியிருந்தால் அவருடைய ஒப்பமும் விமானம் ஏறுமுன் வேண்டும்.

கவர் இரண்டுக்கும் என் யோசனை: ஒன்றுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள், பங்காளிகள் குறைந்த பாட்டுக்கு. மற்றதைப் படத்தில் மறந்துவிடுங்கள். செட்லிஸ்டையும், அதாவது மேடையில் வாசிக்கும் பாட்டு வரிசையையும், மாற்றச் சொல்லுங்கள். இந்த வகை இசைக்குழுக்கள் ஒரு பாட்டின் கடைசி அடியிலேயே அடுத்த பாட்டுக்கு 'வன், டூ, த்ரீ, ஃபோர்' எண்ணத் தொடங்கிவிடுவார்கள், நடுவில் கத்தரி வைக்க இடமே கிடைக்காது. கவர் இரண்டையும் செட்டின் கடைசிக்குத் தள்ளி, அதற்கு முந்திய சொந்தப் பாட்டு முடிந்ததும் கிட்டார் ஒலி முற்றாக அடங்கும்வரை நிற்கச் சொல்லுங்கள். இரண்டு செக்கன் அமைதியும் கொஞ்சம் கைதட்டலும் கிடைத்தால், அனுமதி வராவிட்டாலும் அந்த ஷோவை அங்கேயே வெட்டி முடித்துவிடலாம்.