கீட்டனைக் கவிழ்த்தது குரல் இல்லை

பேசும்படம் வந்ததும் குரல் எடுபடாமல் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் ஒழிந்தார் என்று கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீங்க. வேண்டாங்க. அவருடைய பேசும்படங்கள் நன்றாகவே ஓடின. வினை 1928இல், சொந்தப் படக்குழுவை விட்டு எம்ஜிஎம் ஸ்டுடியோவில் கையெழுத்துப் போட்டதில் தொடங்கியது. படப்பிடிப்பிலேயே யோசித்து யோசித்துக் காட்சி பிடிப்பவர் கையில் முழு ஸ்கிரிப்டைத் திணித்தால்? குடியும் சேர்ந்துகொண்டது; 1933இல் வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

நாடக மேடைக் காலத்தை ஒரே வரியில் தாண்டியிருக்கீங்க, அதுதான் எனக்குக் குறை. பொடியன் கீட்டனின் உடுப்பில் பெட்டிக் கைப்பிடி தைத்திருப்பார்கள், வேடிக்கைக் காட்சியில் அப்பா மேடையில் தூக்கி எறிய வாகாக! விழுந்து எழுந்து தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை என்று அங்கேதான் கண்டுகொண்டார். 1917இல் நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிளிடம் சினிமாவுக்கு வந்தபோது அந்த உம்மென்ற முகம் கூடவே வந்தது. கட்டுரையை அந்தக் கைப்பிடியிலிருந்தே ஆரம்பிங்க.