'முழு நாள் டெல்லி' என்று போட்டிருந்தால், அது என்ன கிழமை என்று பாருங்கள்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு டெல்லி போக நினைக்கிறோம். மகன் பிளஸ் ஒன், 16 வயது. மகள் ஒன்பதாம் வகுப்பு, 14 வயது. எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்றையும் சேர்த்து ஐந்து நாள் பேக்கேஜ் சொல்கிறார். நுழைவுக் கட்டணம் உட்பட, நான்கு பேருக்கும் பெரியவர் கணக்கு. பிள்ளைகளோ, "கோட்டை கோட்டையா இழுத்துட்டுப் போனா நாங்க வரலை" என்கிறார்கள். இந்தப் பேக்கேஜை வாங்கலாமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம் அம்மா. காரணம் சொல்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அவர் கொடுத்த பயணத் திட்டத் தாளை எடுத்து, ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் கிழமையைப் பேனாவால் எழுதுங்கள். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர் சுற்ற ஏற்பாடு செய்து தருவதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. என் கைக்கு வரும் பேக்கேஜ் தாள்களில் தேதி இருக்கும், ஹோட்டலின் நட்சத்திரம் இருக்கும், காலை உணவு இருக்கும். கிழமை மட்டும் இருக்காது. அது மறதி என்று நான் நினைக்கவில்லை.

செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. அக்ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், தீன்மூர்த்தியில் இருக்கும் பிரதமர்கள் அருங்காட்சியகம், எல்லாவற்றுக்கும் திங்கள்தான். உங்கள் மகள் கட்டாயம் கேட்கப்போகிற சரோஜினி நகர் மார்க்கெட்டும் திங்களன்று அடைப்பு. தாஜ்மஹாலுக்கு வெள்ளி. ஞாயிறு மாலை வந்து இறங்கி, திங்கள் 'முழு நாள் டெல்லி' என்று போட்டிருந்தால், உங்களைப் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வைப்பார்கள் என்று அர்த்தம். நீங்களாகத் திட்டமிட்டால் திங்களுக்குக் குதுப் மினாரையும் ஹுமாயூன் சமாதியையும் ஒதுக்குங்கள். இரண்டும் எல்லா நாளும் திறந்திருக்கும்.

இந்தத் தொழிலில் 'வெளிப்பார்வை' என்று ஒரு சொல் உண்டு. குடியரசுத் தலைவர் மாளிகை, அடைப்புக்குறிக்குள் வெளிப்பார்வை. நாடாளுமன்றம், வெளிப்பார்வை. பத்து இடம் பார்ப்பதாகக் கணக்குச் சொல்வார்கள். அதில் ஐந்து, ஓடுகிற வண்டியின் ஜன்னல் வழியாக. சாலையில் போகிற எவனுக்கும் இலவசமாகக் கிடைக்கும் காட்சி அது. சில வருடங்களுக்கு முன் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் திங்கட்கிழமை செங்கோட்டை வாசலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்கள். டிரைவர் அப்போதுதான் தெரிந்ததுபோல, "அடடா, இன்னிக்கு மூடியிருக்கே" என்றாராம். அடுத்த நிமிஷம் வண்டி ஒரு எம்போரியத்துக்கு, அதாவது பெரிய கைவினைக் கடைக்கு, திரும்பிவிட்டது. இரண்டு மணி நேரம் கம்பளம் விரித்துக் காட்டியிருக்கிறார்கள். பெற்றோர் மரியாதைக்கு ஒரு சால்வை வாங்கினார்கள். பத்தாம் வகுப்புப் பையன் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு அந்தக் குடும்பத்தில் விவரமானவன் அவன்தான். எம்போரியம் என்ற பலகையைக் கண்டால், டிரைவருக்குக் கமிஷன் இல்லாத எம்போரியம் எது என்று கேளுங்கள். பாபா கடக் சிங் மார்க்கில் மாநில அரசுகளின் கைவினைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே எந்த டிரைவரும் தானாக அழைத்துப் போக மாட்டார். நம் பூம்புகாரும் அந்த வரிசையில் உண்டு. டெல்லி வரை வந்து தஞ்சாவூர்த் தட்டு வாங்கவேண்டாம், காஷ்மீர் கடைக்குள் போங்கள்.

சரி, பெரியவர் கணக்கு. ரயிலில் 12 வயதானாலே முழுக் கட்டணம்தான், ஹோட்டல்களும் பெரும்பாலும் அப்படித்தான் வாங்குகின்றன. அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'நுழைவுக் கட்டணம் உட்பட நான்கு பெரியவர்' என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தாஜ்மஹால், செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் சமாதி இவையெல்லாம் மத்தியத் தொல்லியல் துறையின் கையில் உள்ளவை. இங்கே 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. உங்கள் மகளுக்கு 14. அவள் பெயரில் வாங்கும் பணம் எங்கே போகிறது?

கவனம், பதினைந்துக்குக் கீழே என்றால் கீழேதான். எந்த வகுப்பு என்பது கணக்கில்லை. டிக்கெட் எடுத்த நாளில் என்ன வயது என்பதும் கணக்கில்லை. வாசலில் நிற்கிற அன்றைக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் வந்துவிட்டதா இல்லையா, அதுதான். ஒன்பதாம் வகுப்பிலேயே பதினைந்து முடிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மகளின் பிறந்தநாள் டிசம்பர் கடைசியில் வருகிறது என்றால், முந்தின நாள் ஆக்ரா போய்விட்டு வந்து மறுநாள் கேக் வெட்டுங்கள். ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள். பல பள்ளி அடையாள அட்டைகளில் ரத்த வகை இருக்கும், பிறந்த தேதி இருக்காது. உயரமான பெண் பிள்ளை என்றால் வாசலில் கட்டாயம் கேட்பார்கள். இந்தச் சலுகை தொல்லியல் துறை இடங்களுக்கு மட்டும்தான், மற்ற இடங்களில் அவரவர் விதி. மகனுக்கு 16 என்பதால் பெரியவர் கட்டணமேதான். தாஜில் இந்தியருக்கு 50 ரூபாய், உள்ளே சமாதி மண்டபத்துக்கு ஏறவேண்டுமானால் இன்னும் 200. குதுப் மினாருக்கு ஆன்லைனில் 35. 'இந்தச் சில்லறைக்கா இவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறான்' என்று உங்களுக்குத் தோன்றலாம். தொகை சின்னதுதான். ஆனால் உங்கள் டிராவல்ஸ்காரரிடம், "மகளுக்குத் தாஜ்ல என்ன டிக்கெட்ங்க?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். தெரியாமல் முழித்தால் அவர் ஆக்ரா பக்கமே வந்ததில்லை. தெரிந்தும் மழுப்பினால் அது இன்னும் மோசம்.

நுழைவுச் சீட்டை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், சிரமமில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆன்லைனில் எடு என்கிறார்கள். எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் சிக்னல் கிடைக்காது, க்யூஆர் கோடு வட்டமாகச் சுற்றிக்கொண்டே நிற்கும். பின்னால் நூறு பேர். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு இணையதளம், ஒரு விடுமுறை நாள், ஒரு பை விதி. ஒரே நகரத்தைப் பார்க்க ஒரு குடும்பம் ஏன் இத்தனை விதி படிக்கவேண்டும்? இருபது வருடமாகக் கேட்கிறேன், கேட்பாரில்லை. அதனால் சீட்டை ஹோட்டலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

டிசம்பர் என்பதால் பனிமூட்டம் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். திருநெல்வேலியில் பனி என்றால் மலைப்பக்கம் தெரியும் மெல்லிய வெண்மை. இங்கே பனி என்றால் எதிரில் போகும் லாரியின் பின்விளக்கு தெரியாது. 'சூரிய உதயத்தில் தாஜ்' என்று திட்டத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள். வெள்ளைக் கட்டிடத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை, அவ்வளவுதான் தெரியும். அதற்காக விடியற்காலையில் யமுனை விரைவுச் சாலையில் காரில் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டெல்லியின் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குமேல் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸில் போங்கள். சரியாக ஓடினால் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் ஆக்ரா. பனியில் தாமதமானாலும் உயிருக்குப் பயமில்லை. மதியம் பனி விலகியபின் தாஜ் பார்த்துவிட்டு மாலை அதே வண்டியில் திரும்பலாம். அந்த வண்டிக்கும் வெள்ளி விடுமுறை.

ஜெய்ப்பூரை விட்டுவிடுங்கள். மூன்று ஊரும் சேர்ந்தால் காரிலேயே 700 கிலோமீட்டருக்கு மேல். பதினாறு வயதுப் பையனை அவ்வளவு நேரம் பின் சீட்டில் அடைத்தால், அவன் ராஜஸ்தானைப் பார்க்க மாட்டான், போனைத்தான் பார்ப்பான். குறை சொல்ல முடியாது.

உங்கள் பிள்ளைகள் டெல்லியை வெறுக்கவில்லை என்று நினைக்கிறேன், வேனிலிருந்து இறங்கி வரிசையாக நிற்பதைத்தான் வெறுக்கிறார்கள். மெட்ரோ வரைபடத்தை அவர்கள் கையில் கொடுத்து, "ஒரு நாள் முழுக்க உங்க இஷ்டம், நாங்க பின்னாடி வர்றோம்" என்று சொல்லிப் பாருங்கள். 2002 டிசம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது ஒரே ஒரு சின்னத் தடம்தான். இப்போது அவர்கள் கேட்கப்போகிற எல்லா இடத்துக்கும் போகிறது. மகளுக்குச் சரோஜினி நகர். சொன்ன விலையில் பாதிக்குக் கீழே தொடங்கச் சொல்லுங்கள், அம்மா பேரம் பேசினால் மானம் போகிறது என்று நினைக்கிற வயது, அவளே பேசட்டும். மஜ்னு கா டீலா என்று யமுனைக் கரையில் ஒரு திபெத்தியர் குடியிருப்பு இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் குவிகிற இடம், குறுகலான சந்துகளில் மோமோவும் லாஃபிங் என்ற காரமான திபெத்திய நூடுல்ஸும் கிடைக்கும். விதான் சபா நிலையத்தில் இறங்கி ரிக்ஷா பிடியுங்கள். மகன் படிக்கிற பையனாக இருந்தால் ஞாயிறு காலை டெல்லி கேட் பக்கம் மகிளா ஹாட்டில் பழைய புத்தகச் சந்தை. முன்பு தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்தது. நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள் மலைபோலக் கிடக்கும் என்று சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அவனிடம் மட்டும் அதைச் சொல்லாதீர்கள்.

அக்ஷர்தாம் போனால் ஒன்று. உள்ளே செல்போன் அனுமதி இல்லை, பையும் இல்லை. வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டும். இதை முதல்நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வாசலில் சண்டை வரும். உள்ளே பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை, அதனால் எங்கே எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று பேசிக்கொண்டு நுழையுங்கள்.

மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கானது. நீங்களும் மகளும் அதில் ஏறினால், மகன் பின்னாலேயே பழக்கதோஷத்தில் ஏறிவிடக் கூடாது, அபராதம் போடுவார்கள். தங்குமிடத்தை மெட்ரோவுக்கு நடக்கிற தூரத்தில் பாருங்கள். நாலு பேருக்கு ஒரே அறை, 'எக்ஸ்ட்ரா பெட்' என்றால் டிசம்பர் குளிரில் தரையில் ஒரு மெத்தை என்று பொருள். வளர்ந்த பிள்ளைகள், பக்கத்துப் பக்கத்து அறைகளாக இரண்டு எடுங்கள். ஹீட்டருக்குத் தனியாகக் காசு உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

டிக்கெட் விஷயம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. டிசம்பர் 26-ம் தேதி ஏறவேண்டுமானால் அக்டோபர் 27 காலை எட்டு மணிக்கு உட்காருங்கள். "காத்திருப்போர் பட்டியல்தான், ஆனா நம்ம ஆள் ஒருத்தர் ரயில்வேயில இருக்கார்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளைப் பார்க்காமலே வந்துவிடுங்கள். திருக்குறள் எக்ஸ்பிரஸ் உங்கள் ஊர் வழியாகவே நிஜாமுதீன் வருகிறது, ஆனால் ஏறக்குறைய இரண்டு முழு நாள். வரும்போது ரயில், திரும்பும்போது திருவனந்தபுரத்துக்கு விமானம் என்று வைத்துக்கொண்டால் விடுமுறை மிஞ்சும். விமானத்தை மதியத்துக்கு மேல் எடுங்கள், பனி தொல்லை கொடுப்பது இரவிலும் காலையிலும்தான். டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று பாருங்கள், ஒன்றாவது டெர்மினல் மற்றவற்றிலிருந்து வெகு தூரம்.

நீங்கள் புது டெல்லி நிலையத்தில் இறங்க நேர்ந்தால், தரகர்கள் பெரும்பாலும் பஹாட்கஞ்ச் பக்கம் காத்திருப்பார்கள். "உங்க ஹோட்டல் ரத்தாயிடுச்சு", "இந்த வழி மூடியிருக்கு, சுற்றுலா அலுவலகத்துல முத்திரை வாங்கணும்" என்பார்கள். கூட்டிப்போகிற அலுவலகத்தில் மூவர்ணக் கொடி, இந்திய வரைபடம், 'அரசு அங்கீகாரம்' எல்லாம் இருக்கும், அரசு மட்டும் இருக்காது. நம்மவர்கள் ஏமாறுவது வேறொருவரிடம். "நீங்க தமிழா? நானும் மதுரைப் பக்கம்தான்" என்று சிரித்த முகமாக வருவார். இரண்டு நாள் ரயிலில் இந்தி கேட்டுக் களைத்தவருக்கு அந்த ஒரு வரி தேனாக இருக்கும். பெட்டியை அவர் கையில் கொடுக்காதீர்கள். அஜ்மேரி கேட் பக்கம் இறங்கினால் மெட்ரோ அங்கேயே இருக்கிறது. தமிழ் பேச ஆசை வந்தால் ராமகிருஷ்ணாபுரம் மலை மந்திருக்கு ஒரு மாலை போங்கள், முருகன் சன்னதியில் பேச ஆள் கிடைப்பார்கள், கமிஷன் கிடையாது.

டிராவல்ஸ்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் பயப்படவேண்டாம். ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். எழுதித் தர மறுத்தால், பேக்கேஜில் ரயில் டிக்கெட் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, பிஎன்ஆர் எண்ணை வாங்கி, அதில் நான்கு பெயரும் வயதும் சரியாக இருக்கிறதா என்று நீங்களே சரிபார்த்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரை மட்டும் திருநெல்வேலியிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மீதியைச் சரோஜினியில் பார்த்துக்கொள்ளலாம், திங்களைத் தவிர.