தலைப்பில் அடங்காத சொல்

மதிப்புக்குரிய ஐயா,

இணையத்தில் வெளியாவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை எதிர்த்து நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். ஊடகச் சுதந்திரம் என்று நீங்கள் சொல்வது பத்திரிகை முதலாளிகளின் சுதந்திரந்தானே? காலையில் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கி வாசிக்கும் என்னைப் போன்றவனுக்கு அதில் என்ன பங்கு? குருணாகல் மருத்துவரைப் பற்றி 2019இல் வந்த செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி எழுதுகிறவர்களைச் சிறைக்கு அனுப்பக் கடுமையான சட்டம் ஒன்று இருந்தால் என்ன கெட்டுவிடும்?

எஸ். க., வெள்ளவத்தை

அன்புள்ள எஸ். க. அவர்களுக்கு,

நீங்கள் காட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். என் வாதத்துக்கு அதைவிட வலுவான சாட்சி கிடையாது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம் கழிந்திருந்த 2019 மே மாதத்தில், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4000 சிங்களப் பௌத்தத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று சிங்கள நாளேடு ஒன்று முதற்பக்கத்தில் எழுதியது. ஓரிரு நாளில் மருத்துவர் கைதானார். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, பின்னர் அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார்.

இனப்பகையைத் தூண்டுவோரைத் தண்டிக்கும் சட்டம் அன்று இல்லாமலா இருந்தது? குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பேரில் 2007இல் இயற்றப்பட்ட 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதற்கென்றே எழுதப்பட்டது. பத்து ஆண்டுவரை கடூழியச் சிறை விதிக்க அதில் இடமுண்டு, நீதவான் பிணை கொடுக்கவும் முடியாது. அந்தச் செய்தி வருவதற்கு ஏறக்குறைய ஏழு வாரங்களுக்கு முன்னர், அதே குருணாகல் மாவட்டத்தில், பொல்கஹவெல பொலிஸார் அந்தப் பிரிவைக் கையில் எடுத்து ஒருவரைக் கைது செய்யத்தான் செய்தார்கள். அவர் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர். முகநூலில் அவர் வெளியிட்ட சிறுகதை ஒன்று பிக்குமாரின் மனத்தைப் புண்படுத்திவிட்டது என்பது முறைப்பாடு. நான்கு மாதமளவில் விளக்கமறியலில் இருந்தார். முதற்பக்கச் செய்திக்காக அந்தச் சட்டம் யாரையும் விளக்கமறியலுக்கு அனுப்பவில்லை. சட்டத்தில் எழுத்து ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு போகும் கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான் நீங்களும் நானும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவேதான், சனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழு ஒன்று எது பொய் எது மெய் என்று தீர்த்துச் சொல்லும் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இது புதுப் பழக்கமும் அல்ல. பத்திரிகைப் பேரவைச் சட்டம் வந்ததும், லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டதும் 1973ஆம் ஆண்டில்தான். இரண்டுக்கும் சொல்லப்பட்ட நியாயங்களில் பொறுப்பு என்ற சொல் தாராளமாகவே புழங்கியது.

பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் வேறு. 2006 ஜனவரி 2ஆந் திகதி திருகோணமலைக் கடற்கரையில் மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்பது படையினர் சொன்ன கதை. சுடர் ஒளி நாளிதழின் செய்தியாளர் சுகிர்தராஜன் உடல்களைப் படமெடுத்தார். அந்தப் படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அவர் விளக்கம் எதுவும் எழுதத் தேவையிருக்கவில்லை. அதே மாதம் 24ஆந் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நிமலராஜன், நடேசன், தராக்கி சிவராம், லசந்த என்று கொல்லப்பட்ட பத்திரிகையாளர்களின் பட்டியலை நான் நீட்டப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். இந்த நாட்டில் பொறுப்போடு செய்தி தந்தவர்கள் தண்டனை பெற்றார்கள், பொறுப்பில்லாமல் எழுதியவர்கள் மறுநாளும் பத்திரிகை விற்றார்கள். புதிதாக ஒரு தண்டனைச் சட்டம் கேட்கும்போது இந்த வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

உங்கள் பங்கு என்ன என்று கேட்டீர்கள். அதற்கு உயர் நீதிமன்றமே ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், நேயர்களும் கலந்துகொண்ட கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென்று நிறுத்தியது. அதை எதிர்த்து மனுப்போட்டவர் அறிவிப்பாளரோ தயாரிப்பாளரோ அல்லர். அந்த நிகழ்ச்சியைக் கேட்டு, அதில் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர். அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை தரும் பேச்சு, கருத்து வெளியீட்டுச் சுதந்திரம் அந்த நேயருக்கும் உரியது, அது மீறப்பட்டிருக்கிறது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. முதலாளியின் சொத்து என்று நீங்கள் நினைத்த உரிமையில் வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்தவருக்கும் பாகம் எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு எங்கள் பக்கத்துக் கணக்கை மறைப்பது நேர்மையாகாது. 1998இல் நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் இரவு வேலை பார்த்தேன். பொலிஸ் அறிக்கை ஒன்று வந்தது. புலிகளுடன் தொடர்பு என்ற சந்தேகத்தில் வத்தளையில் இளைஞர் ஒருவர் கைது. மொழிபெயர்த்தவன் நான். பக்கம் கட்டும்போது தலைப்பு இரண்டு பத்திக்குள் அடங்கவில்லை; எதையாவது வெட்டு என்றார்கள். ‘சந்தேகத்தில்’ என்ற சொல்லை வெட்டினேன். மறுநாள் காலை அது ‘வத்தளையில் புலி உறுப்பினர் கைது’ என்று பெயர், வயது, சொந்த ஊர் சகிதம் முதற்பக்கத்தில் வந்தது.

ஐந்தாம் நாள் அந்த இளைஞரின் தகப்பனார் அலுவலகத்துக்கு வந்தார். பொலித்தீன் பைக்குள் பத்திரிகையை நான்காக மடித்து வைத்திருந்தார். மகனை விசாரித்து மூன்றாம் நாளே விட்டுவிட்டார்களாம். ஆனால் கொட்டாஞ்சேனையில் அவர்கள் தங்கியிருந்த லொட்ஜில் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். லொட்ஜ் முதலாளி கையில் இருந்தது பொலிஸ் அறிக்கை அல்ல, எங்கள் பத்திரிகை.

இன்றென்றால் அவரைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு அனுப்பியிருப்பேன். பத்திரிகைத் துறையினரே சேர்ந்து 2003இல் அமைத்தது அது. தண்டம் விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, ஆனால் திருத்தமும் மறுப்பும் வெளிவரச் செய்ய அதனால் முடியும். பல்லில்லாத ஆணைக்குழு என்று நீங்கள் சிரிக்கலாம். அந்தத் தகப்பனார் பல்லைக் கேட்டு வரவில்லை. எங்கள் மீது வழக்குப் போடுவேன் என்றோ, எழுதியவனைக் காட்டுங்கள் என்றோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பையிலிருந்து பத்திரிகையை எடுத்து மேசையில் விரித்து, அந்தத் தலைப்பின்மேல் விரலை வைத்து, விடுவிக்கப்பட்டார் என்பதை இதே இடத்தில், இதே அளவு எழுத்தில் போடுங்கள் என்று கேட்டார்.

நாங்கள் ஐந்தாம் பக்கத்தில் நான்கு வரி போட்டோம்.