நாயனக்காரர் பதில்கள்

கே: என் பேரன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு வருடமாக சாக்ஸபோன் கற்றுக்கொள்கிறான். இப்போது எந்நேரமும் ஜாஸ், ஜான் கோல்ட்ரேன் என்றே பேச்சு. அந்த சாக்ஸபோன் வித்வான் போதைப் பழக்கம் உள்ளவர், 40 வயதிலேயே போய்விட்டார் என்று என் மகன் சொல்கிறான். பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

ப: ஆச்சி, மகன் சொன்னது உண்மைதான். ஆனால் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

கோல்ட்ரேன் பிறந்தது 1926இல், அமெரிக்காவின் வட கரோலைனாவில், ஹாம்லெட் என்ற சிற்றூரில். 12 வயதில், சில மாத இடைவெளியில், தகப்பனாரும் தாத்தாவும் இறந்துபோனார்கள். அதையொட்டித்தான் பையன் ஊர் பாண்டில் சேர்ந்தான். பிறகு பிலடெல்பியா, கடற்படை பாண்டு என்று போய், 1955இல் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் குழுவில் இடம் கிடைத்தது. பெரிய வித்வானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற பாக்கியம் அது. அதை ஹெராயின் கெடுத்தது. 1957இல் டேவிஸ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்.

பிலடெல்பியா வீட்டுக்குத் திரும்பிப்போய், அதே வருடம் அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டார். உடனே தெலோனியஸ் மாங்க் என்ற பியானோ மேதையோடு நியூயார்க்கில் மாதக்கணக்கில் வாசித்தார். 1958இல் டேவிஸே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். உங்கள் பேரன் மயங்கிக் கேட்கிற இசையில் பெரும்பகுதி அதற்குப் பிந்தைய பத்து வருடத்தில் வந்தது. 1967இல் கல்லீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

என் பெரியப்பா நல்ல நாயனக்காரர். உள்ளே கொஞ்சம் போனால்தான் காற்று நிற்கும் என்பார். கடைசி மூன்று வருடம் சீவாளியை, அதாவது நாயனத்தில் ஊதுகிற நாணல் பட்டையை, வாயில் வைத்தாலே உதடு நடுங்கியது. போதையால் வந்த இசை என்று எவராவது பெருமை பேசினால் எனக்கு ஆறாத கோபம் வரும், ஆச்சி. பேரனிடம் 1957ஐப் பற்றிப் பேசுங்கள். கோல்ட்ரேன் கச்சேரி இடைவேளையிலும் சாதகம் செய்தவர், அக்கம்பக்கம் தூங்கும் நேரத்தில் ஊதாமல் விரலை மட்டும் ஓட்டியவர் என்பதையும் சொல்லுங்கள்.

கே: பித்தளையில் செய்த சாக்ஸபோனை மரக்காற்று வாத்தியம் என்கிறார்களே?
– காரைக்குடி வாசகர்

ப: உடம்பு பித்தளை, குரல் நாணல். வாயருகே இருக்கும் ஒற்றை நாணல் பட்டை அதிர்ந்துதான் நாதம் வருகிறது. நம் சீவாளியில் இரண்டு பட்டை. பெல்ஜியம்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

கே: ஜாஸ் கேட்க உட்கார்ந்தால் எனக்கு வெறும் சத்தமாகத்தான் படுகிறது. நாயனம் கேட்டு வளர்ந்த காதுக்கு எங்கிருந்து தொடங்கலாம்?
– தேவகோட்டை வாசகர்

ப: கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' என்ற இசைத்தட்டின் நான்காம் பகுதியிலிருந்து. வழக்கமாக எல்லோரும் முதல் பகுதியைச் சொல்வார்கள். உங்கள் காதுக்கு நான் கடைசியைத்தான் சொல்வேன்.

1964 டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்சியில் ஒரே அமர்வில் பதிவானது. கோல்ட்ரேனோடு பியானோ, பாஸ், டிரம்ஸ், ஆக நால்வர். கடவுளுக்கு நன்றி சொல்லி அவரே ஒரு கவிதை எழுதி உறையில் அச்சிட்டார். நான்காம் பகுதியில் அந்தக் கவிதையைத்தான் சாக்ஸபோனில் வாசிக்கிறார். யாரும் பாடவில்லை. வார்த்தைக்கு வார்த்தை, அசைக்கு அசை, வாத்தியம் சொல்லிக்கொண்டே போகிறது. தாளக்கட்டு கிடையாது. டிரம்ஸ் அடியில் உருண்டுகொண்டிருக்கும்.

எனக்கு இது புதிதாகப் படவே இல்லை. சாகித்யம் தெரியாமல் கீர்த்தனையைத் தொடாதே, துத்துக்காரம் (நாக்கால் காற்றைத் தட்டி ஊதுவது) எழுத்தின் மேல் விழணும் என்று சொல்லிச் சொல்லித்தான் அப்பா எனக்கு நாயனம் பழக்கினார். ஆத்தங்குடியில் ஒரு கல்யாணம். முகப்பில் அப்பா வாசிக்க, உள்ளே வளவுத் தூணில் சாய்ந்திருந்த வயதான ஆச்சி ஒருவர் உதட்டை அசைத்துக் கூடவே பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கோல்ட்ரேனை அப்படிக் கேளுங்கள். இரண்டாம் தடவையில் வார்த்தை காதில் விழும்.

கோல்ட்ரேனுக்கு நம் இசை மேல் பெரிய பற்று. சிதார் ரவிசங்கர் நினைவாகத்தான் 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். அந்த ரவியும் இன்று சாக்ஸபோன் கலைஞர்.

கே: மகள் கல்யாணத்துக்கு நாயனத்துக்குப் பதில் சாக்ஸபோன் வைக்கலாமா?
– பள்ளத்தூர் வாசகர்

ப: தாராளமாக வைக்கலாம், ஆனால் ராகம் தெரிந்தவராகப் பாருங்கள். சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தும் நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளைதான். மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு, அதில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற நயம், பேச வைக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அவரோடு சேர்ந்து வாசித்தார். மாலை வரவேற்புக்கு சாக்ஸபோன் அழகாக இருக்கும். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் தவிலும் நாயனமும் இருக்கட்டும். கெட்டிமேளத்தை அவர்கள் கையில் விட்டுவிடுங்கள்.