உறிஞ்சி விழுங்கிய சளி எங்கே போகிறது?

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, சளியை விழுங்கலாமா கூடாதா என்னும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்திருந்ததால், அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மழைக்காலம் முழுவதும் மூக்கு ஒழுகுகிறது. கைக்குட்டை கொடுத்தாலும் துடைப்பதில்லை, உறிஞ்சி விழுங்கிவிடுகிறாள். விழுங்கினால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் என்று என் மாமியார் திட்டுகிறார். அது உடம்புக்குச் சத்து, எதிர்ப்புச் சக்தியும் கூடும் என்று கைப்பேசியில் வந்த ஒரு செய்தியை என் கணவர் காட்டுகிறார். இருவரில் யார் சொல்வது சரி?
— ஒரு தாய், திருவாரூர்

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை, அம்மா. ஆனால் தங்கள் மாமியார் அப்படி அஞ்சுவதற்கு நம் பேச்சு வழக்கே ஒரு காரணம். நோய்க்கும் சளி என்றுதான் பெயர், மூக்கிலிருந்து ஒழுகுவதும் சளி, நெஞ்சில் கட்டுவதும் சளி. மூன்றுக்கும் ஒரே சொல்லை வழங்குவதால், மூக்கில் இருந்தது விழுங்கியவுடன் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்று எண்ணுவது இயல்பாகிவிடுகிறது. விழுங்கியது நெஞ்சுக்குப் போவதில்லை, இரைப்பைக்குத்தான் போகிறது. தொண்டையின் முன்பக்கத்தில் விரலை மெல்ல வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள்: குரல்வளை மேலே எழும்பி இறங்குவதும், அந்த ஒரு நொடி மூச்சு நின்றுவிடுவதும் தெரியும். மூச்சுப்பாதையை மூடிவிட்டு உணவுப்பாதையைத் திறக்கும் ஏற்பாடு அது. சோற்றையும் தண்ணீரையும் நுரையீரலுக்குள் போகவிடாமல் தடுக்கும் அதே ஏற்பாடுதான் சளியையும் தடுக்கிறது.

அப்படியானால் நெஞ்சுச் சளி எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். மூச்சுக்குழாய்களின் உட்சுவரே அதைச் சுரக்கிறது. கிருமி கீழ்வரை இறங்கினாலோ, ஆஸ்துமா போன்ற தொல்லை இருந்தாலோ சுரப்பு கூடுகிறது. அதுவும் கீழே தங்குவதற்காகச் சுரப்பதில்லை. மூச்சுக்குழாயின் சுவரில் அடர்ந்திருக்கும் நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாமல் அசைந்து அதைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. தொண்டைக்கு வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். இரவில் குழந்தையின் முதுகில் கை வைத்தால் கரகரவென்று உணர்கிறோமே, அதுகூடப் பல நேரங்களில் நெஞ்சில் உள்ளதன்று. மூக்கின் பின்புறத்திலும் தொண்டையிலும் தேங்கிய சளியில் காற்று உரசும் அதிர்வு அங்கே வரை கேட்கிறது.

மூக்கிலும் இதே வேலைதான் நடக்கிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே மூக்கும் அதைச் சூழ்ந்த சைனஸ் அறைகளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் அளவுக்குச் சளியைச் சுரக்கின்றன. காற்றில் வரும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ள, மயிரிழைகள் அதை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்த்தித் தொண்டையில் சேர்க்கின்றன. இந்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு: மூக்கின் உள்ளே முன்புறத்தில் சாக்கரின் துகள் ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், பொதுவாக 20 நிமிடங்களுக்குள் தொண்டையில் இனிப்புத் தெரிந்துவிடும். ஆகவே தங்கள் மகள் புதிதாக எதையும் விழுங்கவில்லை. தாங்களும் மாமியாரும் நாள்தோறும் சத்தமில்லாமல் விழுங்குவதை, சளி பிடித்த நாட்களில் அவள் சற்றுக் கூடுதலாக, காதில் விழும்படி விழுங்குகிறாள், அவ்வளவே.

அதில் உள்ள கிருமிகள் வயிற்றைக் கெடுக்காதா என்ற அச்சமும் வேண்டாம். சாதாரணச் சளிக்கு மற்ற வைரஸ்களைவிட அதிகமாகக் காரணமாக இருக்கும் ரைனோவைரஸ் அமிலத்தைத் தாங்காதது. மூக்கின் சற்றுக் குளிர்ந்த சூழலில் செழிக்கும் அந்த வைரஸ், இரைப்பை அமிலத்தில் செயலிழந்துவிடுகிறது.

ஒரு சிறு தொல்லை மட்டும் உண்டு. நிறைய விழுங்கிய குழந்தைக்குக் குமட்டும், பசி மந்தப்படும். இருமும்போது பாலோடு கோழையாக வாந்தி வந்து, அதன்பின் குழந்தை தெளிவாக விளையாடும். பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரைப் பல முறை பார்த்திருக்கிறேன். காய்ச்சலோ மூச்சிரைப்போ இல்லாமல் ஓரிரு முறை இப்படி வருவதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

இனித் தங்கள் கணவர் காட்டிய செய்தி. அதன் வேரில் உண்மை இருக்கிறது. 1921-ஆம் ஆண்டு இறுதியில் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், தமக்குச் சளி பிடித்திருந்தபோது, தம் மூக்குச்சளியையே ஆய்வகத் தட்டில் இட்டு வளர்த்தார். சில நாள் கழித்துப் பார்த்தபோது, சளி இருந்த இடத்தைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் கரைந்துபோயிருந்தன. அப்படிக் கரைத்த நொதிக்கு அவர் லைசோசைம் என்று பெயரிட்டு 1922-இல் வெளியிட்டார்; பெனிசிலினை அவர் கண்டது அதற்குப் பின்னர், 1928-இல்தான். ஆனால் லைசோசைம் பெரிதும் கரைப்பது தீங்கற்ற பாக்டீரியாக்களையே. சளிக்குக் காரணமான வைரஸுக்கோ, அது கரைக்கக்கூடிய செல்சுவரே கிடையாது. அந்த நொதியும் இரைப்பைக்குப் போனால் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துவிடக்கூடியதுதான்.

எதிர்ப்புச் சக்திக் கதை பரவியது 2013-க்குப் பிறகு. கனடாவின் சஸ்காச்சவான் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் ஸ்காட் நேப்பர், மூக்குப் பொருக்கை உண்பது உடலுக்குக் கிருமிகளை அறிமுகப்படுத்தி எதிர்ப்பாற்றலைப் பழக்கக்கூடுமோ என்று ஒரு கருதுகோளை முன்வைத்தார். கருதுகோள் என்பது சோதிப்பதற்காகக் கேட்கப்படும் கேள்வி. செய்தி கைமாறிக் கைமாறி வந்தபோது கேள்வி உதிர்ந்து, விடை மட்டும் நிலைத்துவிட்டது. மூக்கும் தொண்டையும் ஏற்கெனவே சந்தித்துவிட்ட கிருமியை மறுபடி விழுங்குவதால் உடல் புதிதாக என்ன கற்கும் என்பது எனக்கு விளங்கவில்லை.

சத்து என்பதற்கும் இடமில்லை. சளியில் 100-க்கு 95 பங்கு தண்ணீர். மீதியில் உப்பும் மியூசின் என்னும் வழவழப்பான புரதமும் சிறிதளவு எதிர்ப்புப் பொருள்களும் இருக்கின்றன. அந்தப் புரதத்தையும் நாம் உண்ட சோற்றையும் பருப்பையும் கொண்டு உடல்தான் செய்தது. அதைத் திரும்ப விழுங்குவது, சட்டைப் பையில் இருந்த பணத்தை மடியில் முடிந்துகொள்வதைப் போன்றது, கையிருப்பு கூடுவதில்லை.

எனவே விழுங்கியதற்காக மகளைத் திட்டாதீர்கள். வகுப்பில் நாகரிகமாக இருக்கவும், கையில் பட்ட சளி மற்றக் குழந்தைகளுக்குப் பரவாமல் இருக்கவும் துடைக்கப் பழக்குங்கள். துடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மூக்கைச் சிந்தும்போது ஒரு துளையை மூடி மறு துளை வழியாக மெல்லச் சிந்த வேண்டும். இரண்டு துளைகளையும் அழுத்திக்கொண்டு முக்கிச் சிந்தினால், மூக்கில் இருக்கும் நீர் சைனஸ் அறைகளுக்குள் தள்ளப்படுவதை 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு ஸ்கேன் படங்களில் காட்டியது. விரலை விட்டு நோண்டுவதைத்தான் கண்டிக்க வேண்டும்: குழந்தைகளுக்கு மூக்கில் இரத்தம் வருவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

கேள்வி: சளி பச்சையாக வந்தால் அது சீழ்தானே? அதை விழுங்கினால் இரத்தத்தில் கலக்காதா? ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: கலக்காது. கிருமியோடு போராடிய வெள்ளையணுக்களில் பச்சை நிறமுள்ள, இரும்புச் சத்துக் கொண்ட ஒரு நொதி இருக்கிறது. அந்த அணுக்கள் மிகுதியாகச் சேரும்போது சளி மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றுகிறது. சாதாரண வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாளில் இப்படி ஆவது வழக்கம். நிறத்தை மட்டும் பார்த்து மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். 10 நாட்களுக்கு மேலும் குறையாமல் இருந்தாலோ, சற்றுக் குறைந்து மீண்டும் காய்ச்சலும் முகவலியுமாகத் திரும்பினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: 68 வயதான என் தந்தைக்கு மூன்று வாரமாக இருமல். வெளியிடங்களில் துப்பக் கூச்சப்பட்டுக் கோழையை விழுங்கிவிடுகிறார். சர்க்கரை நோயும் உண்டு. இதனால் கெடுதி உண்டா?
— வாசகி, செங்கோட்டை

பதில்: மேலே சொன்ன ஆறுதல் எதையும் தங்கள் தந்தைக்குப் பொருத்திக்கொள்ளாதீர்கள். மூக்கில் ஊறிய சளி வேறு, நெஞ்சிலிருந்து இருமி வரும் கோழை வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அது வரும் வாய்ப்புக் கூடுதல். காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகுத் தன்மை கொண்டது. ரைனோவைரஸை அழிக்கும் அமிலத்தை அது தாக்குப்பிடிக்கிறது. கோழையைத் துப்பத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி, இரைப்பை நீரை எடுத்து இந்தக் கிருமியைத் தேடுகிறார்கள். விழுங்கிய கோழையிலிருந்து அது உயிரோடு கிடைக்கவும் செய்கிறது. கிருமி உள்ள கோழையைத் தொடர்ந்து விழுங்குவது குடலில் காசநோய் வருவதற்கான வழிகளில் ஒன்று.

நாளைக் காலையிலேயே அவரை அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். அவர்கள் தரும் குப்பியில் எச்சிலைத் துப்பினால் பயனில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சை இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி வந்த கோழையையே கொடுக்க வேண்டும். முடிவு வரும்வரை வாயை மூடி இருமட்டும், மூடியுள்ள ஒரு டப்பாவில் துப்பட்டும். தெருவில் துப்புவதற்குக் கூசும் அவருடைய பண்பை மதிக்கிறேன். அந்தக் கூச்சத்துக்கு டப்பா போதும்.

கேள்வி: பேரனுக்கு 40 நாள் ஆகிறது. சளியை விழுங்கிவிடக் கூடாது என்று, குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதி எடுக்கிறோம். தொடரலாமா?
— பாட்டி, மணப்பாறை

பதில்: இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன். நம் பாட்டிமார் அன்போடு செய்து வந்த வேலைதான் இது. ஆனாலும் எண்ணெய்க்கும் சளிக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. சளி தொண்டையில் பட்டால் குழந்தை விழுங்கும் அல்லது இருமும். எண்ணெய் உறுத்தாது; இருமலைத் தூண்டாமலே நழுவி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அங்கே அதைக் கரைக்கவோ வெளியேற்றவோ நுரையீரலால் எளிதில் முடியாது. அதனால் உண்டாகும் நிமோனியா ஆறுவதற்கு நெடுநாள் பிடிக்கும். சளியை விழுங்குவதால் வராத ஆபத்து, விழுங்காமல் தடுக்கப்போய் வந்து சேர்கிறது.

மூக்கடைப்பால் பால் குடிக்கத் திணறினால், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு துளையிலும் ஓரிரு துளி, பால் கொடுப்பதற்குச் சற்று முன் விடுங்கள். சளி இளகித் தானாகப் பின்னே போய்விடும். அதை அவன் விழுங்கட்டும். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இந்த வயதில் அது 60 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், அல்லது பால் குடிக்க மறுத்தால், அந்த நேரமே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.