ரத்தம், எலும்பு மஜ்ஜை இரண்டின் மரபணு வெளிப்பாட்டை ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தில் முடியாது. 10 லுக்கேமியா நோயாளிகளின் ரத்தம் ஒரு லேபில், வேறு 10 பேரின் மஜ்ஜை இன்னொரு லேபில் சீக்வென்சிங் ஆகியிருக்கிறது என்கிறீர்கள். திசு வித்தியாசமும் லேப் வித்தியாசமும் இப்படிப் பின்னிக் கிடந்தால் லேபுக்கு லேப் வரும் வித்தியாசத்தைக் கணக்கில் கழிக்கும் எந்த பேட்ச் திருத்தமும் அவற்றைப் பிரித்துத் தராது.

சரி, ஒரே லேபில் செய்ததாகவே வைத்துக்கொள்வோம். நான் முதல் தடவை இப்படி ஒப்பிட்டபோது வந்த மரபணுப் பட்டியலில் மஜ்ஜைப் பக்கம் உச்சியில் நின்றவை ஜிஒய்பிஏ, எம்பிஓ, ஈலேன், எம்கேஐ67. இவற்றுக்குள் நோயின் பாதையைத் தேடி இரண்டு வாரம் போனது. அப்புறம் ஹெமட்டாலஜி அக்கா ஒருவர் ஸ்லைடைக் காட்டி, "மஜ்ஜையில இருக்கிற செல்லே வேறப்பா" என்றார். ஜிஒய்பிஏ வருவது சிவப்பணுவின் முன்னோடிகளிலிருந்து. எம்பிஓவும் ஈலேனும் ப்ரோமைலோசைட் என்ற இளம் செல் கட்டத்தில் மும்முரமாகப் படியெடுக்கப்பட்டு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவாக முதிர்ந்து ரத்தத்துக்கு வருவதற்குள் ஏறக்குறைய அடங்கிவிடும், புரதம் மட்டும் துகள்களில் தங்கும். எம்கேஐ67 பிரிந்துகொண்டிருக்கும் செல்லின் அடையாளம். ஆக, நான் பார்த்தது ஒரு செல்லுக்குள் மரபணு கூடியதை இல்லை, குழாயில் எந்தச் செல் எவ்வளவு இருந்தது என்பதைத்தான்.

அதனால் முதலில் ஒவ்வொரு சாம்பிளிலும் பிளாஸ்ட் (முதிராத செல்) எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். மஜ்ஜையை சிரிஞ்சில் எத்தனையாவது இழுப்பில் எடுத்தார்கள் என்பதும் முக்கியம், ஏனென்றால் முதல் இழுப்புக்குப் பிறகு ரத்தம் கலந்துகொண்டே போகும், 'மஜ்ஜை' என்று லேபிள் ஒட்டிய குழாயில் பாதி ரத்தமாகவே இருக்கலாம். முழு ரத்தம் என்றால் ஹீமோகுளோபினுக்கான குளோபின் ஆர்என்ஏ சீக்வென்சிங்கின் பெரும்பங்கை விழுங்கிவிடும், அதை நீக்கினார்களா என்று பாருங்கள். செல் விகிதத்தைக் கணக்கிட சைபர்சார்ட் மென்பொருளின் எல்எம்22 என்ற செல் அடையாளப் பட்டியலை மஜ்ஜைக்கு அப்படியே போடாதீர்கள். அதில் இருக்கும் 22 வகைகளில் சிவப்பணு முன்னோடியும் கிடையாது, ஸ்டெம் செல்லும் கிடையாது, அதனால் அவற்றின் பங்கை வேறு ஏதோ செல்லின் கணக்கில் ஏற்றிவிடும்.

ஒரே நோயாளியிடம் ஒரே நாளில் எடுத்த ரத்தமும் மஜ்ஜையும் ஐந்தாறு ஜோடி கிடைத்தாலும் போதும், அதிலிருந்து தொடங்குங்கள். மரபணு வெளிப்பாட்டை ஒப்பிடும் டிஈசெக்2 மென்பொருளின் டிசைன் சூத்திரத்தில் நோயாளியை முதலிலும் திசுவை அடுத்தும் வையுங்கள், டிபிஎம் (மரபணு நீளத்துக்கும் மொத்த எண்ணிக்கைக்கும் சரிசெய்த அளவு) வேண்டாம், மூல எண்ணிக்கையையே கொடுங்கள். கையில் இருக்கும் 20 சாம்பிளை, திசுக்களைக் கலக்காமல், ரத்தத்துக்குள் ரத்தம், மஜ்ஜைக்குள் மஜ்ஜை என்று தனித்தனியாகப் பாருங்கள்.